பத்தாம் எண் வீடு எந்தத் தோட்டத்தில்?

(சிரம்பானில், தோட்டப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் கணினி பயிலும் இளையோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குப் போனதும் வைஃபை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.0.1 என்றோ 192.168.1.1 என்றோ ஓர் எண் இருக்கும். ரந்தாவில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுப் பெட்டியிலும் பெரும்பாலும் அதே எண்தான். பகாவில் இருக்கும் மாமா வீட்டிலும், சென்னையில் ஒரு வீட்டிலும், பிரேசிலில் ஒரு வீட்டிலும் அதே எண். கணினிக்கு முகவரி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதையே கோடிக்கணக்கான வீடுகளுக்கும் கொடுத்தால் அது எப்படி முகவரியாகும்? கடிதம் எப்படிப் போய்ச் சேருகிறது? சேருகிறது என்றால், அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? இதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

தோட்டத்தில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. லின்சம் தோட்டத்தில் ஒரு பத்தாம் எண் வீடு. சுவா பெத்தோங்கில் ஒன்று. பகாவ் பக்கம் கெடஸ் தோட்டத்தில் ஒன்று. லாபுவில் டிவிஷனுக்கு ஒன்று. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவரில் கறுப்புச் சாயத்தில் எழுதிய எண் அது. யாரும் சண்டை போட்டதில்லை. கெடஸ் தோட்டத்துக்காரர் லின்சத்துக்கு ஆள் அனுப்பி, "பத்தாம் எண்ணை நாங்கள் எடுத்துக்கொண்டோம், நீங்கள் பதினொன்றிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் இல்லை. தோட்டத்து எண் தோட்டத்து எல்லையோடு சரி.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர் உறையின்மேல் லயத்து எண்ணை எழுதமாட்டார். அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆள் பெயர், தோட்டத்துப் பெயர், ரந்தாவ் தபால், நெகிரி செம்பிலான், மலாயா. அவ்வளவுதான். தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணி என்ற ஆபீஸ் குமாஸ்தா பிரித்துப் பார்த்து, இது மூன்றாம் லயத்து ஆள், இது மேட்டு லயத்து ஆள் என்று பிரித்து அனுப்புவார். அதேபோல, உள்ளே இருப்பவர் எழுதும் கடிதத்திலும் அனுப்புநர் இடத்தில் தோட்டத்து ஆபீஸ் முகவரிதான் இருக்கும்.

உங்கள் வீட்டு வைஃபை பெட்டி செய்வது இதே கிராணி வேலைதான். உள்ளே இருக்கும் கைத்தொலைபேசி 192.168.1.7 என்ற எண்ணோடு ஒரு தகவலை வெளியே அனுப்புகிறது. பெட்டி அந்த எண்ணை அழித்துவிட்டு, தொலைத்தொடர்பு நிறுவனம் தனக்குக் கொடுத்த எண்ணை அனுப்புநராக எழுதுகிறது. கூடவே ஓர் அடையாள எண்ணையும் போடுகிறது. அதைப் போர்ட் எண் என்பார்கள். தன் குறிப்பேட்டில் 'இந்த அடையாளத்தோடு பதில் வந்தால் அது 7-ஆம் எண்ணுக்கு' என்று எழுதிக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உள்ளே சேர்க்கிறது. குறிப்பில் இல்லாத கடிதம் வந்தால்? கிராணியாவது ஆள் தேடிப் பார்ப்பார். பெட்டி தேடாது, குப்பையில் போட்டுவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். இந்த வேலைக்கு 'நாட்' என்று பெயர். முகவரி மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது? இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் நீளம். அதில் மொத்தம் 429 கோடி எண்கள்தான் தேறும். 1980-களின் தொடக்கத்தில் அதை வகுத்தவர்களுக்கு அது எடுத்து மாளாத புதையலாகத் தெரிந்திருக்கும். 1990-களில் நிறுவனங்கள் வரிசையில் நின்றபோது தரை தெரிய ஆரம்பித்தது. இணையத்தோடு சேரும் எண்ணமே இல்லாத நிறுவனங்கள்கூட உள்ளுக்குள் கணினிகளை இணைக்க எண் கேட்டன. சிலர் கேட்கவும் இல்லை. கருவியோடு வந்த கையேட்டில் உதாரணத்துக்குப் போட்டிருந்த எண்ணையே அப்படியே தங்கள் கணினிகளுக்குச் சூட்டிவிட்டார்கள். அந்த எண்ணுக்கு உலகில் எங்கோ உண்மையான சொந்தக்காரர் இருப்பார். பின்னாளில் இணையத்தில் சேரும் நாளில்தான் வில்லங்கம் தெரியவரும்.

1994 மார்ச்சில், இணைய நடைமுறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசையில் ஆர்.எஃப்.சி. 1597 என்ற ஆவணம் வந்தது. யாரையும் கேட்காமல் யாரும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. 10-இல் தொடங்குவது முழுவதும்: 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள். 172.16 முதல் 172.31 வரை: பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். 192.168-இல் தொடங்குவது: 65,536. இவற்றைத் தனியார் எண்கள் என்பார்கள்; பொது இணையத்தில் செல்லாது, எல்லையோடு நின்றுவிடும். இவற்றில் 10 என்ற தொகுதிக்கு ஒரு பழைய கதை உண்டு. இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட் வைத்திருந்த எண் அது. 1990-இல் அந்த வலையமைப்பை மூடியதும் காலியாகக் கிடந்தது. இன்று உலகத்துப் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் உள்வலைகள் அந்தக் காலி மனையில்தான் குடியிருக்கின்றன.

ஆவணம் வந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில், ஜூலையில் மறுப்பு வந்தது. ஆர்.எஃப்.சி. 1627. அதன் தலைப்பே பத்தாம் வலையைத் தீங்கு என்று சொன்னது. முகவரி என்றால் உலகில் ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், அந்த அடித்தளத்தை உருவினால் மேலே கட்டியதெல்லாம் ஆடும், இன்று தனியாக இருக்கும் வலை நாளை இன்னொன்றோடு சேர நேர்ந்தால் என்ன செய்வீர்கள், இவ்வளவு பெரிய முடிவைப் பொது விவாதம் இல்லாமல் எடுக்கலாமா என்று கேட்டது. எழுதிய நால்வரில் முதல் பெயர் எலியட் லியர்.

1996 பிப்ரவரியில் திருத்திய ஆவணம் வந்தது. அதுதான் இன்றுவரை எல்லாரும் மேற்கோள் காட்டும் ஆர்.எஃப்.சி. 1918. அதன் ஆசிரியர் பட்டியலில் கடைசியாகப் பாருங்கள்: எலியட் லியர். எதிர்த்தவரே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். சிலர் இதைச் சமரசம் என்பார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த ஆவணத்தில் நன்மைகளோடு தீமைகளையும் எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு வலைகள் பின்னாளில் சேரும்போது எண்கள் மோதும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த மோதலைக் குறைக்க ஒரு வழியும் சொன்னார்கள். 10.0, 10.1 என்று வரிசையாக எடுக்காதீர்கள், குலுக்கல் முறையில் ஏதோ ஓர் இடத்திலிருந்து எடுங்கள் என்று. முப்பது ஆண்டாக நம் தொழிலில் பெரும்பாலானோர் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் மிமோஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் நடத்திய ஜாரிங் என்ற சேவை வழியாகத்தான் இணையம் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. தோட்டத்து ஆபீசில் கணினி இருந்தாலே பெரிய விஷயம். ஆக, இந்த விவாதம் நடந்தபோது நாம் அங்கே இல்லை. பலனும் பாரமும் மட்டும் நமக்கு வந்து சேர்ந்தன.

பலனை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரியது. நான்கு தோட்டமும் ஒரு செம்பனை ஆலையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் எண் இருப்பதால் அவர்கள் யாருக்கும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை, ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஓர் எண், டிவிஷனுக்கு ஓர் எண், அதற்குள் கருவிக்கு ஓர் எண் என்று தாராளமாக வகுத்துக்கொள்ளலாம். எண்ணைப் பார்த்தவுடன் இது மருந்தகத்துக் கணினி, இது லோரி எடை மேடை என்று சொல்லிவிட முடியும். அதைவிட முக்கியம், இணைய நிறுவனத்தை மாற்றினாலும் உள்ளே ஒரு கருவியையும் தொட வேண்டாம். வாசலில் உள்ள பெட்டியில் மட்டும் வெளிமுகவரி மாறும். வெளிநிறுவனம் கொடுத்த எண்ணையே உள்ளேயும் போட்டிருந்தால், ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் வீடு வீடாகப் போய் எண்ணை அழித்து எழுத வேண்டியிருக்கும். இந்தச் சுதந்திரத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தனியார் முகவரியே கூடாது என்று முழங்குகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் யாரும் ஒரு செம்பனை ஆலையின் வலையைப் பராமரித்தவர்கள் இல்லை.

இனி விலை.

அந்த நான்கு தோட்டங்களிலும் வலை ஒரே நாளில் வந்திருக்காது. ஒன்றில் கிராணி தன் கையிருப்பில் ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருப்பார். இன்னொன்றில் கேமரா விற்க வந்தவர் மாட்டிவிட்டுப் போயிருப்பார். கடையிலிருந்து வந்த எண்ணை யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள். ஆக நான்கிலும் 192.168.1. நான்கிலும் எடை மேடைக் கணினி 192.168.1.10. தனித்தனியாக இருந்தவரை ஒரு குறையும் இல்லை. ஒருநாள் தலைமையகம், எடைக் கணக்கை இனி நேரடியாகவே பார்க்க வேண்டும், நான்கையும் பாதுகாப்பான சுரங்க இணைப்பால் சேருங்கள் என்கிறது. தலைமையகத்துக் கணினி 192.168.1.10-ஐக் கூப்பிடுகிறது. எந்தத் தோட்டம்? நான்கும் நான்தான் என்கின்றன. தலைமையகத்திலும் அதே வரிசை இருந்தால் இன்னும் வேடிக்கை: கூப்பிடும் குரல் கட்டடத்தை விட்டே வெளியே போகாது. பக்கத்து மேசை அச்சுப்பொறிதான் "என்ன?" என்று கேட்கும்.

எண்ணை மாற்றிவிட்டால் போகிறது என்று கல்லூரியிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் சொல்வார்கள். ஆபீஸ் கணினி என்றால் ஒரு மணி நேர வேலை. ஆலையில் அப்படி இல்லை. பாய்லரையும் ஸ்டெரிலைசரையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் எண்ணை அழுத்தி எழுதிவைத்திருப்பார்கள். ஒரு பெட்டி இன்னொன்றை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடும். பெயர் சொல்லிக் கூப்பிட அதற்குத் தெரியாது. நிறுவிய ஆள் பத்து வருடம் முன்பே வேறு வேலைக்குப் போயிருப்பார். மாற்ற வேண்டுமானால் ஆலையை நிறுத்த வேண்டும். பழக்குலையோ வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டியது. தாமதமானால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் விழும், விலை விழும். விளைச்சல் மாதத்தில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, "எண் மாற்றுகிறோம், ஆலையை நிறுத்துங்கள்" என்று மேலாளரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அதனால் எல்லாரும் செய்வது இரண்டாவது கிராணியை வைப்பது. முதல் தோட்டத்து 192.168.1.10 வெளியே வரும்போது 10.21.1.10 என்று தெரியட்டும், இரண்டாம் தோட்டத்தது 10.22.1.10 என்று தெரியட்டும் என்று இடையில் மாற்றி வைக்கிறார்கள். வேலை நடக்கிறது. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பெயர். பதிவேட்டில் ஒன்று, கருவியின் நெற்றியில் ஒன்று. நள்ளிரவில் கோளாறு வந்தால், 10.22.1.10 இறந்துவிட்டது என்று எச்சரிக்கை சொல்லும். போய்ப் பார்த்தால் அப்படி ஓர் எண்ணே அங்கே இருக்காது. மாற்றக் கணக்கை எழுதிவைத்த தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் விடுப்பில் போகக்கூடாது.

சின்ன நிறுவனத்துக்கே இப்படி. இந்த மாநிலத்துத் தோட்டக்காரர்களுக்குச் சேர்தலும் பிரிதலும் புதிதல்ல. 2007-இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் ஒன்றானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தோட்டப் பிரிவு 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டதும் தெரியும். தொலைத்தொடர்பில் பார்த்தால் 2022-இல் செல்காமும் டிஜியும் ஒன்றாயின. பெரிய நிறுவனங்கள் இரண்டு சேரும் இடத்தில் வழக்கறிஞர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து சொத்துக் கணக்குப் பார்ப்பார்கள். பக்கத்து அறையில் வலைப் பொறியாளர்கள் உட்கார்ந்து இரு பக்கத்து 10.1, 10.2-களை எப்படி ஒன்றோடொன்று மோதாமல் நகர்த்துவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். முதல் அறையின் வேலை முடிந்து பல காலம் கழித்தும் இரண்டாம் அறை விளக்கு அணைவதில்லை. இரு பக்கமும் ஆர்.எஃப்.சி. 1918-இன் அந்த ஒரு வரியைப் படித்துக் குலுக்கல் முறையில் எண் எடுத்திருந்தால் பெரும்பாலும் மோதியிருக்காது. மனிதனுக்கு வரிசை பிடிக்கும். 10.147.0 என்று தொடங்க யாருக்கும் மனம் வருவதில்லை.

மோதல் மனிதர் தேர்ந்தெடுப்பதால் மட்டும் வருவதும் அல்ல. டாக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் தம்பிகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அது யாரையும் கேட்காமல் 172.17 வரிசையைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். உங்கள் பல்கலைக்கழக வளாகம் அதே வரிசையில் இருந்தால், டாக்கரை நிறுவிய அன்றே நூலகத்துச் சர்வர் உங்கள் கணினிக்கு மட்டும் காணாமல் போகும். பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார், பட்டிருக்கிறார் போலும்.

இப்போது, நினைவில் வைக்கச் சொன்னேனே, குறிப்பில் இல்லாத கடிதத்தைக் குப்பையில் போடும் விஷயம், அதற்கு வருகிறேன். இந்த அமைப்பில் உள்ளே இருப்பவர் வெளியே யாரையும் கூப்பிடலாம். வெளியே இருப்பவர் உள்ளே யாரையும் கூப்பிட முடியாது. இணையத்தை வடித்தவர்கள் இதை நினைக்கவில்லை. அவர்கள் கணக்கில் எல்லாக் கணினியும் சமம்; கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே தரம். தனியார் முகவரி வந்தபின் இணையம் இரண்டு சாதியாகப் பிரிந்தது. பொது முகவரி உள்ளவர் கடை விரிக்கலாம். இல்லாதவர் வாங்க மட்டும் போகலாம்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஒருவழிப் பாதை நன்றாகவே தெரியும். தோட்டம் தனியார் நிலம். உள்ளே இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை சிரம்பானுக்குப் போய் வரலாம். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வருவது தோட்ட நிர்வாகியான துரையின் விருப்பம். அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் தொழிற்சங்கக்காரர்களை வாசலிலேயே நிறுத்திய காலம் உண்டு. பல சங்கங்கள் சேர்ந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் அதை நடத்தியபோது, கூலி உயர்வுக்கு முன்னால் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி, தொழிலாளியை அவன் இருக்கும் இடத்தில் போய்ச் சந்திக்க முடியுமா என்பது. வாசல் காப்பு உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பா, கட்டுக்காவலா என்பது சாவி யார் கையில் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டுப் பெட்டியில் சாவி உங்கள் கையில்: வேண்டுமானால் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்து உங்கள் கேமராவைப் பார்க்கலாம். அடுத்து நான் சொல்லப்போகும் இடத்தில் சாவி உங்களிடம் இல்லை.

2011 பிப்ரவரி 3-ஆம் தேதி, நான்காம் பதிப்பு முகவரிகளின் உலகப் பொதுக் கிடங்கில் மிச்சமிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளை ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, கிடங்கை மூடினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியில் கைவைத்தது. அன்று முதல் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 எண்கள். 2019-இல் அதுவும் 512 ஆகச் சுருங்கியது. எண்ணுக்குச் சந்தை விலை வந்தது. திவாலான நோர்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 2011-இல் 6,66,624 எண்களை 75 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஓர் எண் 11 டாலருக்கு மேல். மக்கள்தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகள் அதிகமுள்ள நாடு நம்முடையது. ஆளுக்கோர் எண் வாங்கிக் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது.

அதனால் நிறுவனமே ஒரு பெரிய கிராணியை வைத்தது. உங்கள் பெட்டிக்கு வெளியே அவர்கள் பெட்டி. உங்களுக்கு வரும் 'வெளி' முகவரியே இன்னொரு தனியார் முகவரி. இதற்கென்று 2012-இல் 100.64 முதல் 100.127 வரை, 41 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் எண்களைத் தனியாக ஒதுக்கினார்கள். ஏற்கெனவே இருந்த 10-ஐயே பயன்படுத்தியிருக்கலாமே என்றால், வாடிக்கையாளர் வீட்டுக்குள் அதே 10 இருந்தால் வாசலிலேயே மோதும். மோதலுக்குப் பயந்து புதிய தனியார் தொகுதி, அந்தத் தனியார் தொகுதிக்கு மேலே இன்னொரு மாற்றம். நிலத்தைத் துண்டாடி விற்றபின் பாதைக்கு இடமில்லாமல் போகும் கதைதான்.

தோட்டத்துப் பக்கம் இதன் வலி கூடுதல். நகரத்தில் கண்ணாடி இழைக் கம்பி வீட்டுக்கு வந்துவிட்டது. 2020-இல் தொடங்கிய ஜென்டெலா என்ற தேசிய இணையக் கட்டமைப்புத் திட்டத்திலும், 2021 முடிவில் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியதிலும் நான்காம் தலைமுறை அலைவரிசை உள்நாட்டுக்கும் பரவியது. கம்பி போகாத லயங்களில் கைத்தொலைபேசிச் சிம்மைப் பெட்டியில் போட்டுத்தான் இணையம். அந்தச் சிம்முக்குப் பெரும்பாலும் தனியார் எண். தோட்டத்துக் கிடங்கில் கேமரா மாட்டி, சிரம்பானிலிருந்து பார்க்க நினைக்கிறார் ஒருவர். போர்ட்டைத் திறக்கிறார், வரவில்லை. பெட்டியைக் குறை சொல்கிறார், புதுப் பெட்டி வாங்குகிறார், அப்போதும் வரவில்லை. கடைசியில் கேமரா நிறுவனத்தின் மேகச் சேவைக்கு மாதச் சந்தா கட்டுகிறார். கேமராவும் வெளியே போய் அந்தச் சர்வரில் காத்திருக்கிறது, இவரும் வெளியே போய் அங்கே பார்க்கிறார். தன் கிடங்கைத் தானே பார்க்க மூன்றாம் ஆளுக்கு வாடகை. முகவரிப் பஞ்சத்தில் லாபம் பார்த்தவர்கள் யார் என்று யாராவது ஆய்வு செய்தால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள். ஒதுக்கிவைத்த முதல் 1,024 போக 64,512. வீட்டுக்கு 500 வீதம் நிலையாகக் கொடுத்தால் 129 வீடுதான். அந்த 129 வீட்டில் ஒருவர் செய்யும் வம்புக்கு எல்லார் தலையும் உருளும். யாரோ ஒருவர் ஓர் இணையதளத்தில் அத்துமீறினால் தளக்காரர் அந்த முகவரியையே தடுப்பார். ஒன்றும் அறியாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு விண்ணப்பம் திறக்காது. காவல்துறை கேட்கும்போது முகவரியும் நேரமும் போதாது, போர்ட் எண்ணும் வேண்டும். சர்வர் வைத்திருப்பவர்கள் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2011-இலேயே ஆர்.எஃப்.சி. 6302 சொல்லிவிட்டது. எத்தனை பேர் செய்கிறார்கள்?

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குழப்பம்தான் அதிகம். தனியார் முகவரி இருப்பதால் நாம் பத்திரம் என்று நினைப்பது தவறு. வெளியாள் உள்ளே நேராக வர முடியாது என்பது உண்மை. அது தடுப்புச் சுவரின் வேலை, எண்ணின் வேலை அல்ல. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. 2017 மே மாதம் வன்னகிரை என்ற இன்னொரு தீநிரல் வந்தபோது, ஒரு கணினிக்குள் புகுந்தால் போதும், உள்வலை முழுவதும் தானாகவே ஓடிப் பரவியது. உள்ளே எல்லாரும் நம்மவர்கள் என்று கதவைத் திறந்துபோட்ட வலைகள்தான் அதிகம் வெந்தன. ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஆபீஸ் கணினியும் விருந்தினர் வைஃபையும் ஒரே 192.168.1-இல் இருந்தால், அது வெளியே தெரியாத எண் என்பதால் எந்தப் பயனும் இல்லை.

தீர்வு இல்லையா என்றால், இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகவே இருக்கிறது. ஐபிவி6 என்ற ஆறாம் பதிப்பு முகவரி. 1998-இல் வரையறுத்தார்கள். முகவரி நீளம் 128 பிட். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய துண்டிலேயே பழைய இணையம் முழுவதையும் கோடிக்கணக்கான முறை வைக்கலாம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் இதற்கென்றே தேசிய மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதை வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ், நம்மவர். உலகம் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நாளில் இங்கே பயிற்சி கொடுத்து ஆள் தயாரித்தார்கள். இன்று ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசை நாடுகளில் மலேசியாவும் ஒன்று. உங்கள் கைத்தொலைபேசி இப்போது யூடியூபோடு பேசும்போது பெரும்பாலும் அந்த நீள முகவரியில்தான் பேசுகிறது. உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஆனாலும் தனியார் முகவரி போய்விடவில்லை, போகவும் போகாது என்பது என் கருத்து. ஆலைப் பெட்டிகளுக்கு ஐபிவி6 தெரியாது. அவை இன்னும் பல ஆண்டு உழைக்கும். அது மட்டும் காரணம் அல்ல. இணைய நிறுவனத்தை மாற்றினாலும் உள்ளே எண் மாறக்கூடாது என்ற ஆசை நியாயமானது. ஐபிவி6 வகுத்தவர்களுக்கும் அது புரிந்தது. 2005-இல் ஆர்.எஃப்.சி. 4193 வழியாக அதிலும் ஒரு தனியார் தொகுதி ஒதுக்கினார்கள், இந்த முறை முன்பட்ட சூட்டோடு. எஃப்.டி. என்று தொடங்கும்; அடுத்த 40 பிட்டைக் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதற்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி வாய்ப்புகள். இரண்டு தோட்டம் நாளை சேர்ந்தாலும் மோதுவது அரிதினும் அரிது. யாரையும் கேட்க வேண்டாம், ஆனாலும் எண் தனித்தது. 1994-இல் இரு தரப்பும் கேட்டது இரண்டும் கிடைத்துவிட்டது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எஃப்.டி.க்குப் பின் நாற்பது பிட்டையும் பூஜ்யமாகப் போட்டு, கடைசியில் ஒன்று என்று முடிக்கிறார்கள். நினைவில் வைக்க எளிதாம்.

ஆக, இந்த அவையில் பள்ளிக்கோ கோயிலுக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ வலை அமைக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தோட்டப் பள்ளிகளைப் பாருங்கள். நிலம் கைமாறிப் பள்ளி நகரத்துப் பக்கம் இடம்பெயர்ந்த பின்னும் பெயர்ப்பலகையில் தோட்டத்துப் பெயர் நிற்கிறது. வலை எண்ணுக்கும் அந்த ஆயுள் உண்டு. கடைப்பெட்டியோடு வந்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். கருவி பத்துதானே என்று அலட்சியம் வேண்டாம். மாற்றுவதற்கு மலிவான நாள் அந்த முதல் நாள்தான். 10-க்குப் பிறகு வரும் எண்ணை மனத்துக்குப் பிடித்ததாக எடுக்காதீர்கள், பிறந்த தேதியும் வேண்டாம். 0 முதல் 255 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். மூன்றாம் எண்ணுக்கும் அப்படியே ஒரு முறை. இரண்டும் சேர்ந்தால் 65,536 வாய்ப்பு. மாவட்டத்துப் பள்ளிகளெல்லாம் ஒருநாள் ஒரே வலையில் சேர்ந்தாலும் உங்கள் எண் பெரும்பாலும் தனித்தே இருக்கும். ஆசிரியர் கணினி, மாணவர் கணினி, கேமரா மூன்றுக்கும் தனித்தனி வரிசை, நடுவில் தடுப்பு. இணைய நிறுவனத்திடம் ஒப்பந்தம் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு வரும் முகவரி பொது முகவரியா, ஐபிவி6 உண்டா, நிலையான பொது முகவரி வேண்டுமானால் மாதம் எவ்வளவு. விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

எந்த எண் எந்தக் கருவிக்கு என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கணினிக்குள் மட்டும் வைத்தால், அந்தக் கணினி படுத்துவிட்ட நாளில்தான் அது தேவைப்படும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம். சிரித்த தம்பி, டாக்கர் கதையிலிருந்தே தொடங்குங்கள்.